தென்னாப்பிரிக்காவில் போலீஸில் கேஸ் கொடுப்பது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பன் பக்கம் சமையல் வேலைக்கு, கோவில் வேலைக்கு, ஐடி வேலைக்கு என்று வந்தவர்களோடும், பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் வழிப்பறியில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்களோடும் துணைக்குப் போய் சார்ஜ் ஆபீஸ் (ஸ்டேஷனில் புகார் வாங்கும் முன்பகுதி) பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. கேஸ் நம்பர் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நம்பரைக் கம்ப்யூட்டர் தந்துவிடும். கேஸ் என்பது உங்கள் ஸ்டேட்மெண்ட்தான். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு டிடெக்டிவும் அவருடைய மேலதிகாரியும் அரசு வழக்கறிஞரும் படிக்கப்போவது அந்தக் காகிதத்தை; அதில் எழுதாத எதுவும் அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

கீழே உள்ளது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆனால் எஸ்.ஏ.பி.எஸ் என்கிற போலீஸ் நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் கேப் டவுனிலும் நடைமுறை இதேதான்.

1. ஆபத்து தீரவில்லை என்றால் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள், போன் செய்யுங்கள்

திருடன் இன்னும் உள்ளே இருக்கிறான், யாரோ அடிபட்டுக் கிடக்கிறார் என்றால் 10111. கைப்பேசியில் 112 எந்த நெட்வொர்க்கிலும் போகும். ஆம்புலன்ஸுக்கு 10177.

போனில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் நடந்ததை. நம் ஆட்கள் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், முகவரிக்கு வருவதற்குள் லைன் கட்டாகிவிடும். தெருப் பெயர், யூனிட் அல்லது ஏரியா, பக்கத்தில் உள்ள கோவிலோ பள்ளியோ பெட்ரோல் பங்கோ, இவ்வளவும் போய்ச் சேர்ந்துவிட்டால் மீதி தெரியாவிட்டாலும் வண்டி கிளம்பும். ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்பதற்கு அதுதான் பின்னால் சாட்சி.

தனியார் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (கூப்பிட்டால் ஆயுதத்தோடு வரும் காவல் கம்பெனி) வைத்திருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள், பல நேரம் அவர்கள்தான் முதலில் வருவார்கள். ஆனால் காவலாளி தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனால் அது கேஸ் ஆகாது. மெட்ரோ போலீஸிடம் சொன்னாலும் ஆகாது. அவர்கள் டிராஃபிக்கும் நகராட்சி விதிகளும் பார்ப்பவர்கள், பிடித்த ஆளைக்கூட எஸ்.ஏ.பி.எஸ்ஸிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 08600 10111 என்கிற கிரைம் ஸ்டாப் எண் பெயர் சொல்லாமல் துப்புக் கொடுப்பதற்கு மட்டும். இந்த மூன்றில் ஒன்றைச் செய்துவிட்டு "போலீஸில் சொல்லியாச்சு" என்று வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

போலீஸ் வேன் வீட்டுக்கே வந்துவிட்டதா? கிளம்புவதற்கு முன் ஒரே கேள்வி: இங்கேயே ஸ்டேட்மெண்ட் எடுக்கிறீர்களா, நான் ஸ்டேஷனுக்கு வர வேண்டுமா? பார்த்துவிட்டுப் போவது வேறு, டாக்கெட் என்கிற விசாரணைக் கோப்பைத் திறப்பது வேறு.

2. கிளம்பும் முன் பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள்

உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஆனதும் முதல் வேலை வங்கி. கார்டு போயிருந்தால், அல்லது ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால், ஸ்டேஷன் வரிசையில் நிற்கும் நேரத்தில் கணக்கு காலியாகிவிடும். வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டு கார்டையும் ஆப்பையும் முடக்கி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். அடுத்தது சிம். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும் என்பதால் போனைவிட சிம்தான் அவசரம். போனை ஐ.எம்.இ.ஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) வைத்து பிளாக்லிஸ்ட் செய்வதைக் கேஸ் நம்பர் வந்த பிறகு நெட்வொர்க்கிடம் செய்துகொள்ளலாம்.

வீடு உடைக்கப்பட்டிருந்தால் எதையும் தொடாதீர்கள். நம் வீடுகளில் இது மிகவும் கஷ்டம். அலமாரி கவிழ்ந்து கிடக்கும், சாமி அறை கலைந்து கிடக்கும், அம்மா துடைப்பத்தை எடுத்துவிடுவார். கைரேகை எடுக்க வேறு பிரிவிலிருந்து ஆட்கள் வர வேண்டும், அது அன்றே நடக்கும் என்று இல்லை. அதுவரை உடைத்த ஜன்னலும் திருடன் தொட்ட பொருளும் அப்படியே இருக்கட்டும்; எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே ஒன்று. மழை வருகிற மாதிரி இருந்தால் வெளியே கிடக்கும் பொருளை ஒரு டப்பாவால் மூடி வையுங்கள்.

அப்புறம் கேமரா. பக்கத்து வீடு, எதிர்க் கடை, காம்ப்ளெக்ஸ் வாசல், யாரிடம் இருந்தாலும் அன்றே போய் "இந்த நேரத்துப் பதிவை அழியாமல் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இந்த மெஷின்கள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதியும். டிடெக்டிவ் வரும்வரை காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. கடைக்காரர் உங்களிடம் பதிவைத் தராமல் போகலாம். பரவாயில்லை, அவர் பெயரும் போன் நம்பரும் இருந்தால் ஸ்டேட்மெண்டில் சேர்க்கலாம்.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஆளின் படத்தைப் போட்டு "இவன்தான்" என்று சுற்றவிடுவது வேண்டாம். நாளைக்கு அடையாள அணிவகுப்பு வைத்தால், நீங்கள் அடையாளம் காட்டியது சம்பவத்தில் பார்த்த முகத்தையா, குரூப்பில் பார்த்த படத்தையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் சொல்வது கஷ்டம்.

3. ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்

கவுண்டரில் உட்கார்ந்ததும் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். அதனால் வீட்டிலேயே எளிய இங்கிலீஷில், தெரியாவிட்டால் தமிழில், நடந்ததை நேர வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவு சூடாக இருக்கும்போது எழுதியதை நம்பலாம்.

தேதியில் ஒரு குழி இருக்கிறது. நாம் "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி" என்போம். அது சனிக்கிழமை 01:30. போலீஸ் 24 மணி நேரக் கணக்கில்தான் எழுதுவார்கள். கேமரா பதிவு ஒரு தேதியும் ஸ்டேட்மெண்ட் ஒரு தேதியும் காட்டினால், பொய் சொன்னீர்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, அந்த முரண்பாடே கேஸைக் கெடுக்கும்.

போன பொருள்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள்: பொருள், பிராண்ட், நிறம், சீரியல் நம்பர், எப்போது வாங்கியது, உத்தேச விலை ராண்டில். பழைய பொருள் வாங்கி விற்கும் கடைகளும் அடகுக்கடைகளும் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவேடு வைத்திருக்க வேண்டும். அங்கே உங்கள் லேப்டாப் வந்தால் சீரியல் நம்பர் வைத்துத்தான் அது உங்களுடையது என்று காட்ட முடியும். "கறுப்பு லேப்டாப்" என்று எழுதினால் எல்லா லேப்டாப்பும் அதுதான். போனின் ஐ.எம்.இ.ஐ வாங்கிய டப்பாவிலும் பில்லிலும் இருக்கும். இப்போது போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்து எண்ணை எங்காவது எழுதிவைத்துவிடுங்கள்.

நகைக்குப் பவுன் கணக்கு இங்கே யாருக்கும் புரியாது. கிராமில் சொல்லுங்கள், ஒரு பவுன் 8 கிராம். பில் ஊரில் இருந்தால் வாட்ஸ்அப்பில் வரவழையுங்கள். பில்லே இல்லாத தாலிச் சங்கிலிக்கு, அதைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாண போட்டோ நல்ல ஆதாரம்.

எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது ஐடி (அதுவே திருடு போயிருந்தால் அதன் நகல், போனிலோ மெயிலிலோ இருந்தால் போதும்), தங்கியிருக்கும் முகவரி, வேலை செய்யும் இடத்தின் முகவரி, பகலில் எடுக்கக்கூடிய இரண்டு போன் நம்பர். சிம் போனவர்கள் தங்கள் பழைய நம்பரையே கொடுத்துவிட்டு, கேஸ் நம்பர் வரவில்லை என்று கவலைப்படுவார்கள். நண்பர் நம்பரைக் கொடுங்கள்.

4. எந்த ஸ்டேஷன்

எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். சம்பவம் நடந்த எல்லைக்குள் வரும் ஸ்டேஷனில் கொடுப்பது வேகம், ஏனென்றால் விசாரிக்கப்போவது அவர்கள்தான். வேறு இடத்தில் கொடுத்தால் அங்கே டாக்கெட் திறந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள், அந்தப் பயணத்தில் நாள் போகும். சாட்ஸ்வொர்த்திலேயே சாட்ஸ்வொர்த் ஸ்டேஷன், பேவியூ ஸ்டேஷன் என்று இருப்பதால் பக்கத்தில் இருப்பதெல்லாம் உங்கள் ஸ்டேஷன் என்று இல்லை. "இது எங்கள் ஏரியா இல்லை, அங்கே போங்கள்" என்றால், அங்கே போக வசதி இருந்தால் போங்கள். ராத்திரி நேரம், வண்டி இல்லை, அடிபட்டிருக்கிறீர்கள் என்றால் மரியாதையாக ஆனால் அழுத்தமாக, இங்கேயே எடுத்து மாற்றி அனுப்புங்கள் என்று கேளுங்கள். திருப்பி அனுப்பக் கூடாது என்பது போலீஸின் சொந்த விதி.

பணம் எதுவும் கிடையாது. கேஸ் கொடுக்க, அஃபிடவிட் போட, நகலுக்குச் சான்று முத்திரை குத்த, எல்லாமே இலவசம்.

குற்றத்துக்கு ஆளானவர் புகார் கொடுக்க விசா நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் விசா முடிந்துபோய் பயத்தில் இருப்பவர் நேராகப் போவதற்கு முன் லீகல் எயிட் சவுத் ஆப்பிரிக்காவின் இலவச எண்ணில் (0800 110 110) பேசிவிட்டுப் போவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

மொழிக்கு ஆள் வேண்டும் என்றால் உங்கள் முதலாளியை அழைத்துப் போகாதீர்கள், குறிப்பாகப் புகாரில் வேலை இடமும் சம்பந்தப்பட்டிருந்தால். சம்பவத்தை நேரில் பார்த்தவரும் வேண்டாம், அவர் தனி சாட்சி. உங்கள் வாயும் அவர் வாயும் கலந்துவிட்டால் இரண்டு ஸ்டேட்மெண்டுமே பலவீனம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலர் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். கோவில் கமிட்டியில் கேட்டால் இரண்டும் தெரிந்த ஒரு அங்கிளோ ஆன்ட்டியோ கிடைப்பார்.

5. கவுண்டரில் என்ன கேட்பது

போனதும் முதல் வாக்கியம்: "ஐ வான்ட் டு ஓப்பன் எ கேஸ்." இதை இங்கிலீஷிலேயே சொல்லுங்கள். "ரிப்போர்ட் வேண்டும்", "இன்ஷூரன்ஸுக்கு லெட்டர் வேண்டும்" என்று சொன்னால் ஒரு அஃபிடவிட் தாளை நீட்டுவார்கள், நீங்களும் எழுதி, முத்திரை வாங்கி, சந்தோஷமாக வெளியே வருவீர்கள். அந்தத் தாள் உங்கள் கையில்தான் இருக்கும். போலீஸிடம் ஒன்றும் இருக்காது. யாரும் எதையும் விசாரிக்கப்போவதில்லை.

இன்னொரு பொறி ஓ.பி நம்பர். அது ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேட்டில் உங்கள் வருகையைக் குறித்துக்கொண்ட எண், அவ்வளவுதான். கேஸ் நம்பர் என்றால் சி.ஏ.எஸ் நம்பர். "சாட்ஸ்வொர்த் சி.ஏ.எஸ் 145/06/2025" என்கிற மாதிரி இருக்கும்: அந்த ஸ்டேஷனில் அந்த மாதத்தில் எத்தனையாவது கேஸ், மாதம், வருடம். வரிசை ஒவ்வொரு மாதமும் ஒன்றிலிருந்து தொடங்கும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதே எண் இருக்கும். அதனால் ஸ்டேஷன் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதிவைத்தால் பயன் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எஃப்.ஐ.ஆர் காப்பி கேட்டு நின்று வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி ஒரு காகிதம் கிடையாது. கிடைப்பது நம்பர்தான்.

"இது சிவில் விஷயம்" என்று சில சமயம் திருப்பி அனுப்புவார்கள். கடன் வாங்கியவர் தரவில்லை, வாடகை முன்பணம் திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் பொய் சொல்லி, இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி, குற்றம். அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் முதல் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: பணம் வாங்கும்போதே என்ன பொய் சொன்னார், அது பொய் என்று எப்படித் தெரிந்தது.

6. ஸ்டேட்மெண்ட்: அவசரப்படக் கூடாத ஒரே இடம்

உங்கள் ஸ்டேட்மெண்ட் டாக்கெட்டில் ஏ1 என்று முதல் காகிதமாகப் போகும். பெரும்பாலும் நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு கான்ஸ்டபிள் கையால் எழுதுவார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும், அவர் சுருக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுருக்கினாலும் விடக் கூடாதவை எவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பெயர். நம் பெயரில் இனிஷியல், அப்பா பெயர், சில பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. கான்ஸ்டபிள் எதை சர்நேம் என்று போடுவார் என்பது அவர் இஷ்டம் ஆகிவிடும். பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டி அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பின்னால் இன்ஷூரன்ஸோ தூதரகமோ பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்தினால், திருத்துவதற்கு இன்னொரு அஃபிடவிட், இன்னொரு வரிசை.

பிறகு சம்பவம். எங்கே நின்றீர்கள், எத்தனை பேர், முதலில் யார் என்ன செய்தார், என்ன சொன்னார், அப்புறம் என்ன ஆனது, எந்தப் பக்கம் போனார்கள். கத்தி காட்டினார்களா, தள்ளினார்களா, மிரட்டினார்களா என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். "போனை எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது காகிதத்தில் வெறும் திருட்டாக விழும். கத்தி இருந்தால் அது ஆயுதம் காட்டிய கொள்ளை. பிரிவும் தண்டனையும் விசாரணையின் வேகமும் வேறு. சட்டப் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம், நடந்த செயலை முழுதாகச் சொன்னால் போதும். காரில் இருந்து பொருள் போயிருந்தால் கண்ணாடி உடைந்ததா, பூட்டு நெம்பியிருந்ததா, ஒரு அடையாளமும் இல்லாமல் ரிமோட்டைத் தடுத்துத் திறந்த மாதிரி இருந்ததா என்பதும் அப்படித்தான். இன்ஷூரன்ஸ்காரர் தேடுவது அந்த ஒரு வரியை.

ஆள் அடையாளம்: உயரம், உடம்பு, உடை, தொப்பி, தழும்பு, பேசிய மொழி, ஒருவரையொருவர் கூப்பிட்ட பெயர். கூடவே வெளிச்சம் எப்படி இருந்தது, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். நீதிமன்றம் அடையாளத்தை நம்புவதா வேண்டாமா என்று எடைபோடுவது இவற்றை வைத்துத்தான். திரும்பப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியும் என்றால் அதை எழுதச் சொல்லுங்கள், விட்டுப்போனால் டிடெக்டிவ் அந்த வழியையே மூடிவிடலாம்.

நீங்கள் கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, சந்தேகம், இந்த மூன்றையும் கலக்காதீர்கள். "தோட்ட வேலைக்காரன்தான் துப்புக் கொடுத்திருப்பான்" என்பது நம் வீடுகளில் உடனே வரும் வாக்கியம். காரணம் ஏதாவது இருந்தால், முந்தின நாள் அவர் கேட்டின் பூட்டைப் பற்றிக் கேட்டார் என்பது போல, அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் இல்லாவிட்டால் சத்தியம் செய்த காகிதத்தில் ஒரு மனிதரின் பெயரை எழுதாதீர்கள்.

உறவைத் துல்லியமாகச் சொல்லுங்கள். பெரியப்பா மகனை "மை பிரதர்" என்று எழுதிவிட்டால், உங்களுக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை என்று குறுக்கு விசாரணையில் நிரூபித்து உங்களைப் பொய்யர் ஆக்கலாம்.

முடிவில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: அந்தச் செயலுக்கு நீங்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை, போலீஸ் மேலே விசாரிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். வழக்கமாக அவர்களே சேர்ப்பார்கள். இருக்கிறதா என்று பாருங்கள்.

7. கையெழுத்துக்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள்

முழுதையும் படியுங்கள், அல்லது மெதுவாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கும்போது நம் வழக்கப்படி தலையை ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஆமாம் என்கிறீர்களா இல்லை என்கிறீர்களா என்று இங்கே யாருக்கும் தெரியாது. வாயால் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் இருவரும் இனிஷியல் போட வேண்டும். இது சங்கடமே இல்லை, தினமும் நடப்பது.

பிறகு மூன்று கேள்வி கேட்பார்: எழுதியிருப்பது தெரிந்து புரிந்ததா, சத்தியம் செய்ய ஆட்சேபணை உண்டா, அந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா. கடவுள் பெயரில் சத்தியம் செய்ய விருப்பமில்லை என்றால் உறுதிமொழி எடுக்கலாம், மதிப்பு ஒன்றே. கையெழுத்தை அவர் முன்னால்தான் போட வேண்டும். சத்தியத்தின் பேரில் தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம். இன்ஷூரன்ஸ் பணத்துக்காக இரண்டு நகையைக் கூடுதலாகச் சேர்க்கும் யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

காப்பி கேளுங்கள். சில இடத்தில் தருவார்கள், சில இடத்தில் மாட்டார்கள். எப்படியும் நீங்கள் எழுதிப்போன தாள் உங்களிடம் இருக்கட்டும், ஸ்டேட்மெண்ட் எடுத்தவரின் பெயரும் ரேங்க்கும் அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. நம்பர்

கேஸ் நம்பரும் விசாரணை அதிகாரியின் பெயரும் எஸ்எம்எஸ்ஸில் வரும். சிஸ்டம் ஆஃப்லைன், கரண்ட் இல்லை என்று சொல்லி, அப்புறம் வரும் என்று அனுப்புவது சகஜம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நாளும் வரவில்லை என்றால் நேரில் போங்கள். போன் அடித்து அடித்து யாரும் எடுக்காமல் வெறுத்துப்போவதைவிட அது நல்லது.

நம்பர் வந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் இருக்கும், தாண்டினால் அதையே காரணமாக்குவார்கள். இந்திய பாஸ்போர்ட் போனவர்களுக்கு டர்பனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது, போலீஸ் ஆவணம் இல்லாமல் அங்கே நகராது. இலங்கைக்காரர்கள் பிரிட்டோரியாவில் உள்ள தூதரகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஐடி புத்தகமோ கார்டோ போயிருந்தால் எஸ்.ஏ.எஃப்.பி.எஸ் என்கிற மோசடித் தடுப்பு அமைப்பில் இலவசப் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள், உங்கள் பெயரில் கடன் எடுப்பதைத் தடுக்க உதவும்.

9. வரிசை மாறும் சில புகார்கள்

அடிதடி என்றால் ஜே88 என்ற படிவம் கேளுங்கள். டாக்டர் காயத்தைப் பார்த்து நிரப்ப வேண்டியது. காயம் ஆறிய பிறகு போனால் எழுத ஒன்றும் இருக்காது, அதனால் அன்றே. ரத்தம் கொட்டுகிறது என்றால் மருத்துவமனைதான் முதலில், போலீஸ் அப்புறம்.

பாலியல் வன்முறையில் குளிக்காதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள், கழற்றினால் பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதப் பையில் போடுங்கள். ஸ்டேஷன் வாசலில் எல்லார் முன்னாலும் கதை சொல்லத் தேவையில்லை: தனி அறை கேட்கலாம், அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே உள்ள துதுசேலா மையத்துக்கு நேரே போகலாம். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான் மருத்துவமனையிலும் ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் இந்த மையம் உண்டு. மருத்துவர், ஆலோசகர், போலீஸ் எல்லாம் அங்கேயே கிடைக்கும். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். கேஸ் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் இதற்காகவாவது போங்கள். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் முடிவு செய்யும் உரிமை குடும்பத்துக்கே இல்லை. தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியாக வேண்டும், மூடி மறைப்பதே குற்றம்.

வீட்டுக்குள் அடி என்றால் இரண்டு வேலை தனித்தனியாக நடக்க வேண்டும். அடித்ததற்குக் கேஸ் ஸ்டேஷனில், பாதுகாப்பு உத்தரவு மாஜிஸ்திரேட் கோர்ட்டில். "குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று போலீஸ் திருப்பி அனுப்பக் கூடாது, 1998-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவி செய்வது அவர்கள் கடமை. உத்தரவோடு கைது வாரன்ட் ஒன்றும் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். கணவர் உத்தரவை மீறினால் அதையும் ஒரு அஃபிடவிட்டையும் ஸ்டேஷனில் கொடுத்தால் போதும். யாரிடம் பேசுவது என்றே தெரியாத நிலை என்றால் இப்படிப்பட்ட வன்முறைக்கான அரசு உதவி மையத்தின் எண் 0800 428 428, எந்த நேரமும், இலவசம். ஏர்டைம் இல்லையென்றால் *120*7867# அடித்தால் அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள்.

காணாமல் போனவருக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது சினிமாவில் வருவது. காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. சமீபத்திய போட்டோவோடு உடனே போங்கள்.

கார் விபத்தில் யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள், வண்டி மட்டும் அடிபட்டிருந்தால் அடுத்த வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். அங்கே தருவது விபத்து அறிக்கை எண், கேஸ் நம்பர் இல்லை.

10. பிறகு வரும் வாரங்கள்

எஸ்எம்எஸ்ஸில் பெயர் வந்த டிடெக்டிவை ஒரு வாரத்துக்குள் நீங்களே தேடிப் பேசுங்கள். அவர் மேஜையில் டாக்கெட் மலை இருக்கும். ஆளும் போன் நம்பரும் கேமரா விவரமும் உள்ள புகார் எது, ஒன்றுமில்லாதது எது என்று பார்த்துத்தான் எடுப்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். புதிதாக ஏதாவது நினைவு வந்தால் போனில் சொல்லி விடாதீர்கள், கூடுதல் ஸ்டேட்மெண்டாகக் கொடுங்கள். பேசிய தேதியும் நேரமும் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

ஆளைப் பிடித்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், ஜாமீன் பேச்சு சீக்கிரமே வரும். உங்களுக்குப் பயம் இருந்தால், அவருக்கு உங்கள் வீடு தெரியும் என்றால், அதை அதற்கு முன்பே டிடெக்டிவிடம் சொல்ல வேண்டும், ஜாமீன் கிடைத்த பிறகு இல்லை. "கேஸை வாபஸ் வாங்கு" என்று மிரட்டல் வந்தால் அது புதுக் குற்றம். மெசேஜை அழிக்காமல் காட்டுங்கள்.

பொருள் கிடைத்தால் ஸ்டேஷனில் கைப்பற்றிய பொருள்களை வைக்கும் சாப்ஸ் 13 கிடங்கில் இருக்கும். உங்களுடையது என்று காட்ட, முன்பு எழுதிய சீரியல் நம்பர் பட்டியலை எடுத்துப் போங்கள்.

ஆள் தெரியவில்லை என்று டாக்கெட்டை மூடிவிட்டதாகச் செய்தி வரலாம், திருட்டுக் கேஸ்களில் அடிக்கடி நடக்கும். இன்ஷூரன்ஸுக்கு அதனால் பாதகமில்லை. புது ஆதாரம் கிடைத்தால் திரும்பத் திறப்பார்கள், அதே நம்பர்தான். புதுக் கேஸ் கொடுக்காதீர்கள்.

11. அசையவே இல்லை என்றால்

முதலில் டிடெக்டிவின் மேலதிகாரி, அப்புறம் ஸ்டேஷன் கமாண்டர். எழுத்தில் கொடுங்கள்: கேஸ் நம்பர், யார் என்ன சொன்னார், எந்தத் தேதி, இப்போது என்ன வேண்டும். அரைப் பக்கம் போதும். கோபத்தை விட்டுவிட்டுத் தேதிகளை எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். அதற்கும் பலன் இல்லையென்றால் போலீஸின் சேவைப் புகார் எண் 0800 333 177.

போலீஸ்காரர்கள் மீதே விசாரிக்கும் ஐ.பி.ஐ.டி என்ற தனி அமைப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரே அங்கே எழுதுபவர்கள் உண்டு. போலீஸ்காரரே அடித்தார், சித்திரவதை செய்தார், லஞ்சம் கேட்டார், காவலில் மரணம் என்றால் அதுதான் சரியான இடம். டிடெக்டிவ் போன் எடுப்பதில்லை என்பதை அங்கே அனுப்பினால் அவர்கள் விசாரிக்கும் வகையில் அது வராது, கடிதம் சுற்றி மறுபடியும் உங்கள் ஸ்டேஷனுக்கே வரும், அதற்குள் வாரங்கள் போயிருக்கும்.